ஒருவன் சுமை இன்னொருவன் தலையிலா?

 

சென்ற ரமலானில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். மலாக்கா நகரில் மளிகைக் கடை நடத்தும் நமது சகோதரர் ஒருவர், கடைக் கணக்குக்காக ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து முறையாக வாங்கியிருந்தார். அது ஓட வேண்டுமானால் கம்ப்யூட்டரில் ஒரு சிறு சாவியைச் சொருகியிருக்க வேண்டும். டாங்கிள் என்று அதற்குப் பெயர். பெருநாள் வியாபாரம் மும்முரமாக நடக்கும் சமயத்தில் அந்தச் சாவி பழுதாகிவிட்டது. யாரிடம் எவ்வளவு பாக்கி, சரக்கு எவ்வளவு இருப்பு, ஒன்றும் தெரியவில்லை. மாற்றுச் சாவி வந்து சேர நான்கு நாட்களாயின. பக்கத்துக் கடையிலோ அதே மென்பொருளின் திருட்டு நகல்! யாரோ பூட்டை உடைத்துக் கொடுத்தது. அதற்குச் சாவியே தேவையில்லை. அது தங்குதடையின்றி ஓடிக்கொண்டிருந்தது.

தராவீஹ் முடிந்து வெளியே வந்தபோது அந்தச் சகோதரர் என்னிடம் கேட்டார்: "காசு கொடுத்த எனக்குத் தண்டனை, கொடுக்காதவருக்குச் சௌகரியம். இது என்ன நியாயம் ஹஜ்ரத்?"

அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. இந்தப் பூட்டு திருடனைத் தடுக்கிறதா, வாங்கியவனை வருத்துகிறதா என்பது ஒன்று. வருத்துகிறது என்றால், நாமும் பூட்டுடைத்த நகலை எடுத்துக்கொள்ளலாமா என்பது மற்றொன்று.

முதற் கேள்விக்கு உலகில் நடந்ததைப் பார்ப்போம். 2005ஆம் ஆண்டில் சோனி பி.எம்.ஜி. என்ற இசைக் கம்பெனி, நகலெடுப்பதைத் தடுப்பதற்காகத் தன் இசைத்தட்டுகளில் ஒரு புரோகிராமை மறைத்து வைத்து விற்றது. தட்டைக் காசு கொடுத்து வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டவர்களின் இயந்திரத்துக்குள் அது ஒளிந்துகொண்டு, வைரஸ்கள் மறைந்திருக்கவும் இடம் கொடுத்தது. விஷயம் வெளிப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. பாட்டைத் திருட்டு நகலாக எடுத்தவனுக்கோ அந்தத் தட்டினால் ஒரு தீங்கும் இல்லை! 2010இல் யூபிசாப்ட் என்ற விளையாட்டுக் கம்பெனி, இன்டர்நெட் தொடர்பு அறுந்தால் ஆட்டமே நின்றுவிடும்படி பூட்டுப் போட்டது. மார்ச் மாதத்தில் கம்பெனியின் சர்வர் படுத்துக்கொண்டபோது, விலை கொடுத்து வாங்கியவர்களே விளையாட முடியாமல் நின்றார்கள். ஆப்பிள் கம்பெனியோ, தான் விற்ற பாட்டுகளின் பூட்டை நீக்கப்போவதாக 2009 ஜனவரியில் அறிவித்தது.

ஆயினும் நீதியோடு பேச வேண்டும். பூட்டினால் பயனே இல்லை என்று சொல்வதற்கில்லை. விளையாட்டு மென்பொருள்களைப் பற்றி 2024இல் வெளியான ஓர் ஆய்வு, விற்பனைக்கு வந்த உடனேயே பூட்டு உடைந்தால் வருமானம் சுமார் 20 சதவிகிதம் குறைவதாகவும், 12 வாரங்களுக்குப் பின் உடைந்தால் இழப்பு அநேகமாக இல்லை என்றும் கண்டது. புதுச் சரக்குக்குச் சில வாரம் காவல் வைப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காவல் வேண்டிய காலம் கடந்த பின்னும் அதே பூட்டை வாங்கியவன் கழுத்தில் தொங்கவிடுவது எப்படி நியாயமாகும்?

ஓர் ஆத்மாவின் சுமையை இன்னோர் ஆத்மா சுமக்காது என்பது திருமறையின் தீர்ப்பு. இது மறுமைக்கு மட்டும் உரிய சட்டமன்று, கடைவீதிக்கும் உரியது. ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் கடை வைத்திருந்த நம் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். பால்மரம் வெட்டும் தொழிலாளிகள் மாதம் முழுவதும் பற்று எழுதி வாங்கிச் சம்பள நாளில் தீர்ப்பார்கள். எவனாவது ஒருவன் இரவோடிரவாகக் கம்பி நீட்டிவிட்டால், நல்ல கடைக்காரர் அந்த நஷ்டத்தை மற்றவர் பற்றில் ஏற்றி எழுதுவாரா? மாட்டார். ஒழுங்காகத் தீர்த்தவனைத் திருடனைப் போல் நடத்தவும் மாட்டார்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். பூட்டுப் போட்டவன் அநீதி செய்தான் என்பதற்காக நாம் களவாடலாமா? கூடவே கூடாது! நம்பி ஒப்படைத்தவருக்கு அமானத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியும், நமக்குத் துரோகம் செய்தவனுக்கும் நாம் துரோகம் செய்யாதிருக்கும்படியும் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பணித்திருக்கிறார்கள். "தொட்டுப் பார்க்க முடியாத பொருளில் திருட்டு ஏது?" என்று சிலர் கேட்கிறார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகச் சின்னம் ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறல் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. இது ஹக்குல் இபாத். உரியவன் மன்னிக்காமல் தீராத கடன்.

நாட்டுச் சட்டமும் அப்படியே. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வீட்டுச் சொந்த உபயோகத்துக்கன்றித் திருட்டு நகலை வைத்திருப்பதே குற்றம். நகல் ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். பூட்டை உடைப்பதும் தனிக் குற்றம்.

2015 ஏப்ரலில் ஜி.எஸ்.டி. வந்தபோது சிறு கடைகளும் கணக்கு மென்பொருளைத் தேடி அலைந்தன. அந்த வரி 2018இல் போய்விட்டது. ஆனால் 2024 ஆகஸ்டிலிருந்து மின் இன்வாய்ஸ் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சாவி கெட்டால் எத்தனை நாளில் மாற்றித் தருவீர்கள்? இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ஓடுமா? உங்கள் கம்பெனி மூடிவிட்டால் என் கணக்கை நான் வெளியே எடுக்க முடியுமா? மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டவர்கள் நம் நாயகம் அவர்கள். குறையை மறைத்து விற்பவனைக் கேட்க நமக்கு உரிமையுண்டு. விலை கொடுக்க இயலாதவர்களுக்கும் ஹலாலான வழி இருக்கிறது. லிப்ரே ஆபீஸ், க்னூகேஷ் போன்றவற்றை, செய்தவர்களே தாராளமாக நகலெடுத்துக்கொள்ள அனுமதித்திருக்கிறார்கள்.

நம் சகோதரர் இப்போது விற்றவரிடம் வாதாடி, உபரியாக இன்னொரு சாவியும் வாங்கி வைத்திருக்கிறார். நான்கு நாள் நஷ்டம் அவருக்கு நஷ்டந்தான். ஆனால் அவர் கல்லாவில் பிறர் ஹக்கு இல்லை. பக்கத்துக் கடைக்காரரும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்தாம். இந்தப் பக்கத்தை அவரும் படிப்பார். அவரைத் திருடன் என்று அழைக்க நான் வரவில்லை. 1748இல் கம்போங் கிலிங் பள்ளிவாசலை எழுப்பியவர்கள் நம்மைப் போன்ற வணிகர்களே. அதே பள்ளி வரிசையில் தோளோடு தோள் நிற்கும் சகோதரராகவே அவரை அழைக்கிறேன்.

அல்லாஹு தஆலா நமது ரிஸ்க்கை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.