நிரப்பாமல் விட்ட கட்டம்

ஸ்கோர் புத்தகத்தில் ஒரு வரிசையை மட்டும் அவர் காலியாக விட்டிருந்தார். காரணத்தை அவரே சொல்லியும்விட்டார். இருந்தும் அந்த வரிசை என்னை விடுவதாயில்லை. பாத்திரம் கழுவும்போதும் ரயிலுக்குக் காத்து நிற்கும்போதும் அந்த வெறும் கட்டங்கள் கண்முன் வந்துவிடுகின்றன.

2022 கோடை. செயின்ட் லூயிஸ் நகரின் புஷ் ஸ்டேடியத்தில் பகல் ஆட்டம். பக்கத்து இருக்கையில் எண்பதை ஒட்டிய ஒரு பெரியவர், அவருக்கு அந்தப் பக்கம் கல்லூரியில் படிக்கும் பேத்தி. பெரியவர் மடியில் நீளமான ஸ்கோர் புத்தகம். பேஸ்பாலில் களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, அப்படியே போய் வலது அவுட்ஃபீல்டர் 9. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து அது முதல் பேஸுக்குப் போய் இருவர் அவுட்டானால் 6-4-3 என்று எழுதினால் போதும். மட்டையைச் சுழற்றாமலே மூன்றாவது ஸ்டிரைக்கை விட்டவருக்கு ஆங்கிலக் ‘கே’ எழுத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவார்கள். பெரியவர் அதைப் போடும்போதெல்லாம் பென்சிலைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினார்.

டி.எச். மட்டை பிடிக்க வரும்போது மட்டும் பென்சிலைப் புத்தகத்தின் நடுமடிப்பில் வைத்துவிடுவார்.

டி.எச். என்றால் டெசிக்னேட்டட் ஹிட்டர். பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிப்பதோடு அவர் வேலை முடிந்தது. களத்தில் இறங்கிப் பந்து பிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில் அமெரிக்கன் லீக் இதை 1973-லேயே ஏற்றுக்கொண்டது. மற்றதான நேஷனல் லீக் மறுத்தது. 1980-ல் வாக்கெடுப்பு வந்தபோது ஆதரவு 4, எதிர்ப்பு 5, வாக்களிக்காத அணிகள் 3. அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டு, நேஷனல் லீக் பிட்சர்கள் தங்கள் முறை வந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றார்கள். பெரும்பாலும் அவுட்டாகித் திரும்பினார்கள். கொரோனா ஆண்டான 2020-ல் தற்காலிகமாகவும் 2022-ல் நிரந்தரமாகவும் அந்த வழக்கம் நீக்கப்பட்டது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் நேஷனல் லீக் அணி.

“அவருக்கு எண் கிடையாதே. எண் இல்லாதவரை நான் எங்கே எழுதுவது?” என்றார் பெரியவர்.

“இப்படி விட்டால் உங்க கணக்கு எந்த நாளும் தேறாது தாத்தா” என்றாள் பேத்தி. அவள் சொன்னது உண்மை. ஓர் அணியில் எத்தனை முறை மட்டை பிடிக்க வந்தார்களோ அந்தத் தொகை, ரன், அவுட், பேஸிலேயே நின்றுபோனவர்கள் மூன்றையும் கூட்டினால் வருவதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அதைச் சரிபார்ப்பது ஸ்கோர் எழுதுகிறவர்களின் வழக்கம். ஒரு வரிசை காலியானால் அது ஒருபோதும் சேராது.

“தேற வேண்டாம்” என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அன்றைய டி.எச். ஆல்பர்ட் பூஹோல்ஸ். 2001 முதல் 2011 வரை அந்த ஊரில் ஆடி, இரண்டு உலகத் தொடர்களை வென்று தந்துவிட்டு, பெரிய ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டவர். 42 வயதில் கடைசி ஓர் ஆண்டுக்காகத் திரும்பி வந்திருந்தார். தாத்தாவும் பேத்தியும் ஆட்டம் தொடங்கியதிலிருந்தே இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இளையவர் ஒருவருக்குப் போக வேண்டிய இடத்தை அணி இவருக்குக் கொடுத்தது சரியா என்று அவள் கேட்டாள். அவர் வீடு திரும்பியதே போதும் என்றார் தாத்தா. அப்புறம் அவள் கேட்ட கேள்விக்குத்தான் அவரிடம் பதில் இல்லை: “டி.எச். விதி வரவில்லை என்றால் இவரை யார் கூப்பிட்டிருப்பார்கள்?”

சற்று நேரத்தில் பூஹோல்ஸ் இடது பக்கம் ஒரு பந்தை விரட்டினார். வேறொருவர் என்றால் இரண்டாம் பேஸை எட்டியிருப்பார். இவர் முதல் பேஸோடு நின்று மூச்சு வாங்கினார். அரங்கமே எழுந்தது. பெரியவரும் எழுந்து நெடுநேரம் கை தட்டினார். கண் கலங்கியிருந்தது. பிறகு உட்கார்ந்து பென்சிலை எடுத்து, அந்தக் காலி வரிசையின் முதல் கட்டத்துக்குக் கொண்டுபோனார். முனை தாளில் பட்டது. அவ்வளவுதான். அடுத்த ஆட்டக்காரர் வந்துவிட, கை கீழ்வரிசைக்கு இறங்கியது. கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

அந்தப் புள்ளி எழுதத் தொடங்கி நிறுத்தியதா, தயங்கிய கையின் தடமா? இதை ஏன் இத்தனை பெரிதாக எடுத்துக்கொள்கிறாய் என்று மனைவி கேட்கிறாள். கேள்வி பேஸ்பாலைப் பற்றியது இல்லை என்பதால்தான். ஒருவனுக்கு வராத வேலையை ஊரே பார்க்க அவனைச் செய்யவைப்பது நல்லதா? விட்டுவிடுவது கருணையா, அல்லது அவனிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்வதா?

விட்டுவிடலாம் என்பதற்கு நியாயங்கள் நிறைய. பாப் பூல் என்ற பிட்சர் 1962-ல் 70 முறை மட்டை பிடித்து ஒரு ஹிட் கூட எடுக்கவில்லை. பிட்சர்கள் மட்டை பிடித்த கடைசி ஆண்டான 2021-ல் அவர்களின் சராசரி பத்துக்கு ஒரு ஹிட்டைச் சற்றே தாண்டியது. கார்டினல்ஸின் சொந்தப் பிட்சர் ஆடம் வெய்ன்ரைட், 2015 ஏப்ரலில் பந்தை அடித்துவிட்டு ஓடக் கிளம்பியபோதுதான் குதிகால் தசைநாண் அறுந்து அந்த ஆண்டின் பெரும்பகுதியை இழந்தார். அவர் பிழைப்பு எறிவது. அடிக்கப் போய் அடிபட்டார்.

ஆனால் இதே வெய்ன்ரைட் 2006-ல் தாம் சந்தித்த முதல் பந்தையே ஹோம் ரன்னாக அடித்தவர். அறுந்த தசைநாண் சேர்ந்து திரும்பிய பிறகு, 2017-ல், பிட்சர்களில் சிறந்த மட்டையாளருக்கான விருதையும் வாங்கினார். 2023-ல் ஓய்வு பெறும் முன் கடைசித் தொடரில் மட்டை பிடிக்க அவரை இறக்கினார்கள். எறிந்து 200 வெற்றிகள் கண்டவர் மட்டையோடு நடந்து வர, கூட்டம் எழுந்து நின்றது. அடிபட்ட மனிதருக்கே அந்த ஆசை விடவில்லை.

பாளையங்கோட்டையில் எங்கள் தெரு கிரிக்கெட்டில் பெரியப்பா மகன்தான் சிறந்த பௌலர். மட்டை பிடித்தால் இரண்டு பந்து தாங்கமாட்டான். ஆனால் அந்த இரண்டு பந்துக்கு முன்னால் அவன் செய்யும் ஆயத்தம்! சுவரில் கரியால் கிழித்த ஸ்டம்புகளை ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். மட்டையை நிமிர்த்திப் பிடித்து, நடு ஸ்டம்பு வருகிறதா என்று கேட்பான். செருப்பில்லாத குதிகாலால் மண்ணில் கோடு கிழிப்பான். எதிர் அணிப் பையன்கள்கூட அதுவரை பொறுமையாக நிற்பார்கள். ஒரு பொங்கல் டோர்னமெண்டில் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம், பௌலருக்குப் பதில் இன்னொருவன் ஆடலாம் என்று விதி வந்தது. “ஏலே, நீ பந்து மட்டும் போட்டாப் போதும்லே” என்றார் கேப்டன். அண்ணன் அன்று முழுக்கப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, அடுத்து ஆடப் போகிறவனின் மட்டைப் பிடிக்குச் சைக்கிள் டியூபை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். போட்டியை ஜெயித்ததே அவன் எடுத்த விக்கெட்டுகளால்தான்.

அந்தச் சைக்கிள் டியூப் எனக்கு மறக்கவேயில்லை. போன மாதம் போனில் அவனிடம் கேட்டேன். “அப்படி ஒரு மேட்சா? ஞாபகமே இல்லையேடே” என்றான்.

பி.எஸ். சந்திரசேகரைப் பற்றிப் பள்ளி நாளில் ஒரு வார இதழில் படித்தது பாதி நினைவிருக்கிறது. சிறு வயதில் போலியோ வந்து சூம்பிப்போன வலது கையாலேயே பந்து வீசி, டெஸ்ட் ஆட்டங்களில் 242 விக்கெட் எடுத்தவர். மட்டையால் எடுத்த ரன் 167. விக்கெட்டைவிட ரன் குறைவு. 1977-78 ஆஸ்திரேலியப் பயணத்தில் ரன் எடுக்காமலே திரும்பத் திரும்ப அவுட்டான அவருக்கு, நடுவில் ஓட்டை போட்ட மட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதே பயணத்தில்தான் மெல்போர்னில் இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறு விக்கெட் எடுத்து, ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றி தேடித் தந்தார். சின்ன வயதில் அந்த மட்டையை நினைத்து அவருக்காக அழுகை வந்தது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அவர் கிரீஸுக்கு நடந்து வந்தபோது கூட்டம் கொடுத்த கைதட்டல், விக்கெட் எடுத்தவருக்குக் கிடைத்ததிலிருந்து வேறுவகை. தன்னால் முடியாததை மறைக்காமல் நடுவில் வந்து நிற்கிற மனிதனுக்கான மரியாதை அது.

இன்னொன்றும் இருக்கிறது. நமக்கு எது வராது என்பதே பல சமயம் செய்து பார்த்த பிறகுதான் தெரிகிறது. கார்டினல்ஸின் ரிக் ஆங்கீல் 21 வயதில் பெயர்பெற்ற பிட்சர். 2000 அக்டோபரில் ஒரு முக்கிய ஆட்டத்தின் ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகள் கேட்சருக்கு எட்டாமல் சிதறின. அதன்பின் அந்தத் திறமை முழுதாகத் திரும்பவேயில்லை. ஆனால் பிட்சராக இருந்தபோதே மட்டையும் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். 2007 ஆகஸ்டில் அவுட்ஃபீல்டராக அதே செயின்ட் லூயிஸுக்குத் திரும்பி வந்த அன்றே ஹோம் ரன் அடித்தார். நம் ஐ.பி.எல்.லிலும் 2023-ல், ஆட்டத்தின் நடுவே ஒருவருக்குப் பதில் இன்னொருவரை இறக்கும் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தது. அதனால் வாஷிங்டன் சுந்தர், சிவம் துபே போன்றவர்களுக்குப் பந்து வீச வாய்ப்பு அமைவதில்லை என்று ரோஹித் சர்மா வெளிப்படையாகவே வருந்தினார். செய்யாத வேலை மெல்லக் கைவிட்டுப் போகும்.

இப்படியெல்லாம் யோசித்துப் பெரியவர் பக்கம் முழுதாகச் சாயும்போது, பூஹோல்ஸ் முதல் பேஸில் நின்று மூச்சு வாங்கியது குறுக்கே வருகிறது. பெரியவருக்குக் கண் கலங்கியதும் டி.எச். விதியால்தானே. ஷோஹேய் ஓட்டானி வேறு இருக்கிறார். எறிவதும் அடிப்பதும் இரண்டும் கைவந்தவர். அவர் பிட்சர் மேட்டைவிட்டு இறங்கிய பிறகும் டி.எச்.ஆகத் தொடர்வதற்காகவே 2022-ல் ஒரு விதி எழுதினார்கள். வல்லவனுக்கு விதி வளைந்து கொடுக்கிறது. என் கவலை வல்லவர்களைப் பற்றியது அல்ல.

இங்கே எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஆண்டு விழா வருகிறது. தடுமாறாமல் பேசும் பிள்ளைகளை மட்டும் மேடையேற்றலாம், மற்றவர்கள் ஓவியம், கோலம் என்று தங்களுக்கு வருவதைக் காட்டட்டும் என்று ஒரு யோசனை. சொன்னவர் நல்ல மனம் கொண்டவர். போன வருடம் ஒரு சிறுவன் ஒலிபெருக்கிக்கு முன்னால் உறைந்துபோய் நின்றதைப் பார்த்துப் பதறியவர். என் மகளுக்குக் குறள் பாதியில் நின்றுவிடும்; படம் நன்றாக வரைவாள். “நான் வரையறேன்ப்பா, பேச மட்டும் சொல்லாதீங்க” என்கிறாள். வெய்ன்ரைட் மட்டையைக் கேட்டு வாங்கினார். இவள் வேண்டாம் என்கிறாள். கேட்கிறவருக்குக் கொடுப்பது எளிது. ஆனால் பத்து வயதில் வேண்டாம் என்பது எத்தனை காலத்துக்கு வேண்டாம் என்று எப்படி அறிவது? போனில் சிரித்த அண்ணனைப் போல இவளும் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். மறக்காமலும் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம். கை தூக்கச் சொல்வார்கள். அதற்குள் மகளிடம் இன்னொரு முறை கேட்க வேண்டும். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதன்படி கை தூக்குவேனா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.