நிலைபெற்றவன் நடக்கும் விதம்

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அர்ஜுனன், நிலைபெற்ற அறிவுடையவன் எவ்வாறு பேசுவான், எவ்வாறு அமர்வான் என்று வினவியதோடு நில்லாமல், எவ்வாறு நடப்பான் என்றும் வினவுகிறான். சுகதுக்கங்கள் தீண்டாதபடி இறுகிப்போவதே சமநிலை என்று கொண்டுவிட்டால் இந்த மூன்றாவது வினாவுக்கு இடமே இல்லை; கல்லுக்கு நடை ஏது?

நடையைப் பற்றிய கேள்வியாதலின், மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை இவ்விடத்தில் நோக்குவது பரிகாசமாகாது. சக்கரத்தைச் சட்டத்தோடு அசையாமல் பிணைத்திருந்த பழைய வண்டிகளில், ஒவ்வொரு கல்லும் ஓட்டுபவனின் முதுகெலும்பைத் தாக்கியதோடு, வேகத்தில் சக்கரமும் தரையை விட்டு எழும்பிற்று. தரையை விட்ட சக்கரத்துக்குப் பிரேக்கும் பிடிக்காது, திருப்பமும் வசப்படாது. அக்குறையைத் தீர்க்க வந்த ஸ்பிரிங்கோ, வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கும் சுபாவமுடையதாகையால், தனித்து விடப்பட்டால் மேட்டைக் கடந்த பின்னும் குதித்துக்கொண்டேயிருக்கும். ஆகவேதான் ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெயை நிரப்பி, பிஸ்டனின் சிறு துளைகள் வழியே அதை நெருக்கிச் செலுத்தி, அதிர்ச்சியை உஷ்ணமாக்கிக் கரைக்கிறார்கள்.

ஸ்பிரிங்கின் அடியிலுள்ள வளையத்தை ஒரு படி திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் விறைப்பு மாறுவதில்லை, பாரத்தின் கீழ் வண்டி நிற்கும் உயரமே மாறுகிறது. ஓட்டுபவன் ஏறி அமர்ந்ததும், சக்கரத்தின் மொத்த ஏற்ற இறக்கத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வண்டி அமிழ வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சற்றும் அமிழாத வண்டியில், பள்ளம் வரும்போது கீழே நீள்வதற்குச் சக்கரத்துக்கு இடமிராது. மனிதரிலும் அவ்வாறே, தன் பாரத்தால் ஓரளவு தாழ்ந்திருப்பவனுக்கே பிறர் துயரத்தின் ஆழத்துக்கு இறங்கும் சக்தி வாய்க்கிறது. பாரமற்ற நிலையே சாந்தி என்று விலகி நிற்பவனுக்கு அது வாய்ப்பதில்லை. ஆமை தன் அங்கங்களை ஒடுக்கிக்கொள்வதுபோல் புலன்களை ஒடுக்கச் சொன்ன கண்ணனே, விருப்பு வெறுப்பின்றி விஷயங்களிடையே சஞ்சரிப்பவன் தெளிவை அடைவான் என்றும் அதே அத்தியாயத்தில் உரைப்பது இதனாலன்றோ?

எனினும் கரைந்த அதிர்ச்சிக்கு ஒரு விலை உண்டு. கரடுமுரடான சாலையில் ஓயாது ஓடினால் எண்ணெய் சூடேறி இளகி, அடக்கும் திறனை இழக்கிறது. வீட்டிலும் ஊரிலும் எல்லோருடைய கோபத்தையும் வாங்கித் திருப்பித் தராமலிருக்கும் ஒருவரைப் பொறுமைசாலி என்று புகழ்ந்துவிட்டு மேலும் பாரம் ஏற்றுகிறோமே, சமநிலையைப் போற்றும் சமயம் அவருக்கு ஓய்வளிப்பதையும் நம்முடைய தர்மமாக விதித்தாலொழிய அப்போதனை பாதியிலேயே நின்றுவிடும்.