பரிவு என்ற பெயரில்

நாட்டின் எந்தச் சிற்றூர்த் தேநீர்க் கடை முன்பும் காணக்கூடிய காட்சி அது. கைகளால் சுழற்றிச் செலுத்தும் மூன்று சக்கர வண்டியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்து நிற்கிறான். இரு கால்களும் சூம்பியவை. கடைப் பெஞ்சில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் தம் பீடிக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, தாமே பற்ற வைத்து, அவன் விரல்களுக்கிடையே செருகுகிறார். அருகில் இருப்பவர் முகம் சுளித்தால் அதற்குப் பதில் தயாராக இருக்கிறது: "பாவம், விடுங்கள். ஓடியாடும் வாழ்வா அவனுக்கு? இந்த ஒரு சுகமாவது இருந்துவிட்டுப் போகட்டுமே!"

அந்தப் பெரியவரின் சொந்தப் பேரன் அதே வயதில் அதே பெஞ்சருகே வந்து கை நீட்டினால் என்ன ஆகியிருக்கும்? கன்னம் சிவந்திருக்கும். ஒரே செயல், ஒரு பிள்ளைக்குக் குற்றம். மற்றொரு பிள்ளைக்குச் சலுகை. அறைவது சரியென்று யாரும் வாதிட வேண்டியதில்லை. ஆனால் அந்த அறைக்குப் பின்னால் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. இவன் படிப்பான், சம்பாதிப்பான், குடும்பம் நடத்துவான், நீண்ட நாள் வாழ்வான் என்ற நம்பிக்கை இருக்கிறது. பற்ற வைத்துக் கொடுத்த பீடிக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. இவனுடைய நுரையீரல் நாற்பது ஆண்டுகள் கழித்து என்னவானால் என்ன என்ற கணக்குத்தான் அங்கே இருக்கிறது. கொடுப்பவர் அதை அறிந்து செய்வதில்லை என்பது உண்மை. அவர் மனத்தில் இருப்பது கனிவுதான். அறியாமல் செய்யப்படும் அவமதிப்பு கனிவின் உடையணிந்து வரும்போது, வாங்கிக்கொள்பவனாலும் அதை அடையாளம் காண முடிவதில்லை.

பீடியும் சிகரெட்டும் மட்டுமல்ல. பிகாரில் உள்ளங்கையில் தேய்த்துத் தட்டும் கைனி, மராட்டிய வீடுகளில் பல் துலக்கப் பயன்படும் மிஷ்ரி, சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் பல்லில் தடவும் குடாக்கு என்று இந்த நாட்டில் புகையிலைக்குப் பல வேடங்கள் உண்டு. வெளியே எங்கும் அனுப்பப்படாமல் வீட்டின் பின்கட்டிலேயே வளரும் ஊனமுற்ற பெண்பிள்ளைக்கு அதைத் தருவது பெரும்பாலும் பாட்டியின் விரல்தான். அதைப் பழக்கம் என்றோ போதை என்றோ அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

2019இல் நடத்தப்பட்ட உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள இந்திய மாணவர்களுள் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துபவர்கள். மாணவர் 9.6, மாணவியர் 7.4. இதைவிடத் துயரமான செய்தி ஒன்றும் அதில் உண்டு. சிகரெட் புகைத்தவர்களுள் 38 விழுக்காட்டினரும், பீடி புகைத்தவர்களுள் 47 விழுக்காட்டினரும், புகையற்ற புகையிலையைப் பயன்படுத்தியவர்களுள் 52 விழுக்காட்டினரும் பத்து வயது நிறைவதற்கு முன்பே அதைத் தொடங்கியிருந்தார்கள். இது பள்ளிகளில் எடுக்கப்பட்ட கணக்கு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 5 முதல் 19 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுள் நான்கில் ஒருவருக்கும் மேல் எந்தப் பள்ளிப் படியையும் மிதித்ததே இல்லை. வகுப்பறையில் தாள் கொடுத்து எண்ணும்போது அவர்கள் எண்ணப்படுவதில்லை. அமெரிக்காவில் இத்தகைய கணக்கெடுப்புகளில் உடற்குறையையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக் கேட்கிறார்கள்; அங்கே குறையுள்ளவர்களிடம் புகைப்பழக்கம் மற்றவர்களைவிட அதிகமாகவே காணப்படுகிறது.

அதிகமாக இருப்பதற்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மாலையில் மைதானத்துக்குச் செல்லும் கூட்டம் அந்தப் பையனை அழைப்பதில்லை. கடைச் சந்தில் புகைக்கும் கூட்டம் அழைக்கிறது. ஓட வேண்டாம், பேச வேண்டாம், படித்திருக்க வேண்டாம். ஒரு பீடியைக் கையில் பிடிக்கத் தெரிந்தால் போதும், அந்த வட்டத்தில் இடம் உண்டு. காது கேளாதவனுக்கும் பேச்சு திக்குபவனுக்கும் அங்கே மொழி தேவைப்படுவதில்லை. நல்லவர்களின் கூட்டம் கதவைச் சாத்திக்கொண்ட இடத்தில் மற்றொரு கூட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இதில் முதலில் வெட்கப்பட வேண்டியவர் யார் என்பது கேட்கப்படாத கேள்வி.

எச்சரிக்கைகளின் நிலையையும் பார்க்க வேண்டும். 2016 ஏப்ரல் முதல் புகையிலைப் பொட்டலங்களின் முகப்பில் 85 விழுக்காடு பரப்பைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை நிறைக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் பார்வையற்ற மாணவனின் விரல்களுக்கு அந்தப் பொட்டலம் வழவழப்பான ஓர் அட்டைதான். புற்று அரித்த தாடையின் படம் அவனுக்கு எதையும் சொல்லாது. (சில்லறையாக ஒன்று இரண்டு வாங்குபவன், கண் இருந்தும் அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை.) பழக்கத்தை விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. செவிப்புலன் அற்றவர் அதில் என்ன பேசுவார்? எதைக் கேட்பார்? குறுஞ்செய்தி வழியான உதவியும் உண்டு; அதற்கு எழுத்தறிவு வேண்டும். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையிடம் 'புகையிலை உயிரைக் கொல்லும்' என்ற வாக்கியத்தைச் சொன்னால், நேற்றுப் புகைத்த அப்பா இன்றும் உயிரோடு எதிரே அமர்ந்திருப்பதை அவன் பார்க்கிறான். அவன் அளவில் அந்த வாக்கியம் பொய். எச்சரிக்கும் சமுதாயம் கண்ணும் காதும் கல்வியும் உள்ளவர்களை மட்டுமே மனத்தில் கொண்டு எச்சரித்திருக்கிறது.

கேடு மட்டும் எல்லோரையும் விட்டு இவர்களைச் சற்று அதிகமாகவே தேடி வருகிறது. சக்கர நாற்காலியில் நாள் முழுதும் அமர்பவருக்கு, அதிலும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றவருக்கு, அழுத்தத்தால் உண்டாகும் புண் பெரும் பகை. நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தம் சுமக்கும் பிராணவாயுவைக் குறைக்கிறது; புண் ஆறாமல் நாள் கடத்துகிறது. முதுகெலும்பு வளைந்தவருக்கும் தசை நலிந்தவருக்கும் மூச்சுக்கான இடமே குறைவு. மனநோய்க்குத் தரப்படும் மருந்துகளுள் சில, குளோசபின், ஒலான்சபின் போன்றவை, புகைப்பவர் உடலில் விரைந்து சிதைக்கப்படுகின்றன. மருந்தின் பலன் குறைகிறது. இருக்கும் சிறு சேமிப்பிலிருந்து செலவழிப்பது எவ்வளவு பெரிய இழப்போ, அவ்வளவு பெரிய இழப்பு இது.

இனி மின்னணு சிகரெட். 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாகவும் அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமாகவும் இதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் ஆகிய அனைத்தும் தடை செய்யப்பட்டன. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. என்றாலும் நகரங்களில் அது கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. பேனாவைப் போன்ற வடிவம், பழ வாசனை, சாம்பல் கிடையாது, நெருப்புப் பெட்டி தேவையில்லை. பிறர் உதவியின்றித் தீக்குச்சி உரசக் கை வராத பிள்ளைக்கும் அது எளிது. இங்கே இன்னொன்றும் நடக்கிறது. தம்மைக் குளிப்பாட்டவும் உடுத்தவும் கழிவறைக்குத் தூக்கிச் செல்லவும் பிறர் தேவைப்படும் பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தன்னுடையது என்று ஒரு மறைவிடம் இல்லை. அவன் உடலில் பிறர் அறியாத இடம் இல்லை. நாளில் பிறர் அறியாத நாழிகை இல்லை. தலையணைக்கு அடியில் ஒளிந்திருக்கும் அந்தச் சிறு கருவிதான் அவனது முதல் இரகசியம். அதிலிருந்து அவன் இழுப்பது நிகோடின் மட்டுமன்று.

இந்த இடத்தில் காந்தியடிகளின் சுயசரிதையில் வரும் சிறுவயது நிகழ்ச்சி நினைவுக்கு வரும். சிற்றப்பா வீசியெறிந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி, உறவுப் பையன் ஒருவனுடன் சேர்ந்து அவர் புகைத்தார். துண்டுகள் போதவில்லை, வேலைக்காரரின் காசைத் திருடினார்கள். அதுவும் போதவில்லை. ஆனால் அவர்களை உண்மையில் வாட்டியது காசுப் பஞ்சமோ புகைப் பசியோ அன்று. பெரியவர்களின் அனுமதி இல்லாமல் எதையுமே செய்ய முடியவில்லையே என்ற ஏக்கம்தான். அந்த ஏக்கம் ஊமத்தை விதையைத் தேடிச் சென்று உயிரை விட எண்ணும் அளவுக்கு அவர்களைக் கொண்டுபோயிற்று. உடல் வலுவோடு ஓடித் திரிந்த ஒரு பிள்ளைக்கே, சில ஆண்டுகளில் தானாகக் கழன்றுவிடும் அந்தக் கட்டு அவ்வளவு கனத்தது. வாழ்நாள் முழுதும் கழலாது என்று எல்லோராலும் சொல்லப்பட்ட பிள்ளைக்கு அது எவ்வளவு கனக்கும்!

அப்படியானால் அவன் புகைக்கட்டும் என்று விட்டுவிடுவதே அவனது சுதந்திரத்துக்குச் செய்யும் மரியாதை என்று ஒருவர் வாதிடக்கூடும். வாதம் அற்பமானதல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமத்துவத்தையும் கண்ணியத்தையும் முதலில் வைத்துப் பேசுகிறது. எதற்கும் "கூடாது" என்றே கேட்டு வளர்ந்தவனிடம் இன்னொரு "கூடாது" சொல்ல யாருக்கும் கூச்சம் வரத்தான் வேண்டும். ஆனால் சமத்துவம் என்பது இருபுறமும் வெட்டும் வாள். 18 வயது நிறையாதவருக்குப் புகையிலை விற்கலாகாது என்று 2003ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. நடக்க இயலாத பிள்ளைக்கு விலக்கு உண்டு என்று இரண்டிலும் எழுதப்படவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குத் தரப்படும் பாதுகாப்பிலிருந்து அவனை மட்டும் விலக்கி வைத்துவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டுவது பெஞ்சுப் பெரியவரின் தர்க்கமேதான். சொற்கள் மட்டும் படித்தவர்களுடையவை. நிகோடினோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையைப் பற்றினால் எளிதில் விடுவதில்லை. ஏற்கெனவே பலரைச் சார்ந்து வாழ்பவனுக்கு அது தரும் சுதந்திரம், சார்ந்து நிற்க மேலும் ஓர் எசமானன்.

எண்கோணலான உடலோடு அஷ்டாவக்கிரர் ஜனகரின் வேள்விச் சாலைக்கு வந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு என்கிறது மகாபாரதம். வாயில் காப்போன் அவரைத் தடுத்தான். சிறுவன் அங்கே இரக்கத்தைக் கேட்கவில்லை. உள்ளே நடக்கும் வாதத்தில் இடம் கேட்டார். பந்தி என்ற பெரும் வாதியோடு சரிக்குச் சரியாக மோதும் உரிமையைக் கேட்டார். காப்போன் மட்டும் மனம் இளகி, பாவம் பிள்ளை என்று நிழலில் அமர்த்திக் கையில் ஒரு பட்சணத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தால், அதைக் கருணை என்று ஊர் மெச்சியிருக்கும்.

மறுப்பவருக்கும் ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது. பீடியைப் பிடுங்கிய கை வேறொன்றும் கொண்டுவரவில்லை என்றால், சாத்தப்பட்ட கதவுகளின் எண்ணிக்கை ஒன்று கூடியது, அவ்வளவே. பையனின் மாலைப் பொழுது அப்படியே இருக்கிறது. சந்துக் கூட்டமும் அப்படியே இருக்கிறது. ஆகவே மறுப்பவர் அந்த மாலையில் தாமும் சிறிது பங்கெடுக்க வேண்டியிருக்கும். சதுரங்கப் பலகையோடு வந்து அமர வேண்டியிருக்கும். அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். காது கேளாத மகளுக்குப் புகையிலையைப் பற்றிச் சொல்ல விரும்பும் தாய், முதலில் அவளுடைய சைகை மொழியைக் கற்க வேண்டியிருக்கும். சோறு, தண்ணீர், தூக்கம் என்ற சைகைகளோடு நின்றுவிட்ட வீடுகள் எத்தனையோ. பார்வையற்றவனிடம் படத்தை வருணிக்க வேண்டியிருக்கும். புரிந்துகொள்ள நேரம் எடுக்கும் பிள்ளையிடம் மரணத்தைப் பற்றிப் பேசாமல், நாற்றத்தையும் இருமலையும் பற்றிப் பேச வேண்டும். யாராவது நீட்டினால் கையை எப்படி விலக்குவது, "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது என்பதை நாடகம்போல் பத்து முறை நடித்துப் பழக்க வேண்டும். இவையெல்லாம் நேரம் எடுப்பவை. ஒரு பீடி பற்ற வைக்க ஒரு நொடி போதும். பரிவு அந்தப் பக்கமே சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அறிவு வளர்ச்சி குன்றிய மகன் உள்ள பல வீடுகளில் அவனுக்கென்று ஒரே ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கும். தெருமுனைக் கடைக்குச் சென்று அப்பாவுக்குப் பீடிக் கட்டு வாங்கி வருவது. சில்லறையை உள்ளங்கையில் இறுகப் பிடித்து, கடைக்காரரிடம் சரியாக நீட்டி, மீதியோடு ஒழுங்காகத் திரும்பி வருவான். அப்பா தலையை வருடுவார். நாள் முழுவதிலும் அவன் பாராட்டுப் பெறும் நேரம் அதுதான். புகையிலையின் வாசனை அவனுக்கு அந்தப் பாராட்டின் வாசனை. அப்பா தம் பழக்கத்தை விட ஆறு மாதம் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். மகனுக்கு வேறு வேலை கொடுக்க அவ்வளவு நாள் தேவைப்படாது. அதே கடைக்கு அருகில்தான் பால்காரர் இருக்கிறார். அதே சில்லறைதான், அதே உள்ளங்கைதான். தூக்குப் பாத்திரம் ததும்பாமல் திரும்பி வரும் மகனை வாசலில் நின்று வரவேற்க ஒருவர் இருக்க வேண்டும்.