எண்ணுக்கு நினைவில்லை

கேரள அரசு 1967-ஆம் ஆண்டு லாட்டரித் துறையைத் தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடைபெற்றது. தமிழக அரசு 2003-இல் லாட்டரியைத் தடை செய்தது. ஆயினும் மூணாறை அடுத்த சித்திரபுரம் போன்ற, தமிழ்த் தொழிலாளர் வாழும் தேயிலை மலைகளில் அத்தடை இல்லை.

சிலர் பழைய முடிவுகளைத் தொகுத்து, நெடுநாள் வராத எண் எது என ஆராய்ந்து ஒரு சூத்திரம் அமைக்கின்றனர். அதே பழைய முடிவுகளில் அதைச் சோதித்து, பொருந்துகிறதென மகிழ்கின்றனர். ஓர் உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அவ்வுடலுக்குப் பொருந்துவதில் வியப்பென்ன? நாளைய குலுக்கல் வேறோர் உடல். சீட்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட ஓர் எண்ணோடு ஒத்துவர 100-இல் 1 வாய்ப்பே உண்டு. 99 முறை தவறிய பின்னும் அது 100-இல் 1 தான். எண்ணுக்கு நினைவில்லை.

மனத்திற்கோ நினைவு உண்டு. ஒவ்வொரு செயலும் அதில் பதியும் தடத்தையே பெரியோர் சம்ஸ்காரம் என்றனர். இன்று வாங்கிய சீட்டு, நாளையும் வாங்கத் தூண்டும். ஆகவே கடந்தகாலத்தைக் கொண்டு எதிர்காலத்தை அறிய விரும்புவோர், ஓராண்டில் சீட்டுக்குக் கொடுத்தது எவ்வளவு, அதனால் இல்லத்தில் குறைந்தது எவ்வளவு எனத் தம் கணக்கை எழுதிப் பார்ப்பாராக. வரப்போவதை அது தெளிவாகவே காட்டும். அதை மாற்றும் உரிமையும் அவர்களிடமே உள்ளது.