பிள்ளையின் ஏட்டில் யார் எழுதுவது?



இரவு ஒன்பது மணிக்குமேல் பரங்கிப்பேட்டைத் தெருக்களில் நடந்துபோகிறவர் காதில் ஒரே சத்தந்தான் விழும்: "எழுதுடா, தூங்காதே!" இரண்டாம் வகுப்புப் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதுகிறது, கடைசியில் பென்சில் தாயின் கைக்கு வந்துவிடுகிறது. மறுநாள் அந்த ஏட்டுக்கு 'மிக நன்று' கிடைக்கிறது. எழுதியது யார் என்று உபாத்தியாயருக்கும் தெரியும், தாய்க்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். மூவரும் வாய் திறப்பதில்லை.

இது சிறு காரியமா? தாய் இரக்கத்தால் செய்கிறாள். அவளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆயினும் பிள்ளை அன்றிரவு கற்றுக்கொண்டது கூட்டல் கணக்கையல்ல. தான் செய்யாததைச் செய்ததாகக் காட்டித் தப்பிக்கலாம் என்பதையே. எட்டாம் கற்பனையை ஞானோபதேச வகுப்பில் தட்டாமல் ஒப்புவிப்பதும் இதே பிள்ளைதான்!

"அப்படியானால் அடித்து எழுதவைப்பதா, சாமி?" என்பீர்கள். அதுவுமன்று. முடியாததைச் செய்ய ஒருவரும் கடமைப்பட்டவரல்லர் என்பது ஒழுக்க சாஸ்திரத்தின் பழைய விதி. ஏழு வயதில் நான்கு பாடங்களுக்கு இரவிலே எழுதுவது முடியாத காரியந்தான். நியாயஸ்தலமும் இதைப் பார்த்திருக்கிறது. 2018 மே மாதம் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருபாகரன், ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கலாகாது என்று தீர்ப்பளித்தார். அவ்வாண்டிலேயே, அவ்வகுப்புகளின் புத்தகப்பை ஒன்றரை கிலோவுக்கு மேற்படலாகாது என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. 2020-ம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கையோ, 3 முதல் 5-ம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. வாரத்துக்கு, நாளுக்கல்ல!

நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் 1989-ல் ராஜ்யசபையில் பேசியபோது பள்ளிப்பிள்ளைகளின் முதுகுச்சுமையைப் பற்றித்தான் பேசினார். பின்னர் அமைந்த யஷ்பால் குழு 1993-ல் தந்த அறிக்கை இன்னும் ஆழமாகப் போயிற்று: பையின் பாரத்தைவிட, விளங்காத பாடத்தின் பாரமே கொடியது என்று கண்டது. நம் ஊருக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! இங்கிலீஷ் தெரிந்த தகப்பன் இருக்கிற வீட்டில் அரைமணியில் முடியும் பாடம், கூடையைச் சுமந்து மீன் விற்றுவிட்டு வருகிற தாயின் வீட்டில் இரவெல்லாம் நீளுகிறது. அல்லது டியூஷன் பணமாக மாறுகிறது. அவள் பிள்ளை மந்தமென்று பெயரெடுக்கிறது.

உபாத்தியாயர்கள்மேல் முழுப்பழியையும் போடாதீர்கள். வீட்டுப்பாடம் கொடுக்காத பள்ளிக்கூடமும் ஒரு பள்ளிக்கூடமா என்று கேட்கிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள்.

ஆகவே ஒன்று செய்து பாருங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்பானால், வீட்டுப்பாடமே வேண்டாமென்று தலைமையாசிரியரை மரியாதையாய்க் கேளுங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து போனால் நல்லது. மேல்வகுப்பானால், பிள்ளை அரைமணி நேரம் தானாக எழுதட்டும். பிழையானாலும் அழிக்காதீர்கள். தூக்கம் வந்தால் ஏட்டை மூடி, "இவ்வளவுதான் முடிந்தது, மூன்றாம் கணக்கு விளங்கவில்லையாம்" என்று கீழே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எது விளங்கவில்லை என்று தெரிந்துகொள்ள உபாத்தியாயருக்கு அந்த வரியைவிட உதவியானது வேறில்லை. எழுதத் தெரியாத தாய்மார் அடுத்த வீட்டு அக்காளைக்கொண்டு எழுதச் சொல்லலாம். கையெழுத்து, கைநாட்டானாலும், தாயுடையதாக இருக்கட்டும்.