அழிந்த ஆட்டமும் அழியாத நிகழ்வும்

1936ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், லண்டன் மாநகரின் வடபால் குன்றொன்றின்மீது நிற்கும் அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியபோது, பிரமுகர்களின் சொற்பொழிவுகளையடுத்துக் காமிராவின் முன் வந்து நின்றவர்கள் பல்சுவைக் கலைஞர்களே ஆவர். அடேல் டிக்ஸன் என்னும் பாடகி, தொலைக்காட்சியையே பொருளாகக் கொண்டு இயற்றப்பட்ட ஒரு பாட்டைப் பாடினார்; பக், பபிள்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் இருவர், ஒருவர் பியானோவில் எழுப்பிய தாளத்திற்கு மற்றவர் காலணியின் ஒலியால் விடையிறுக்கும் தம் ஆட்டத்தை நிகழ்த்தினர். அன்று ஒளிபரப்பான அக்காட்சியை இன்று காண்பதற்கு வழியில்லை. டிக்ஸன் பாடுவதாக நமக்குக் கிடைப்பதும் தனியே எடுக்கப்பட்ட ஆவணப்படத்தின் பகுதியேயன்றி, ஒளிபரப்பின் பதிவன்று.

திரையில் தோன்றும் ஒளிபரப்பைப் படச்சுருளில் பிடித்துவைக்கும் முறை பி.பி.சி.யில் போருக்குப் பின்னர், 1947ஆம் ஆண்டளவில்தான் வழக்கிற்கு வந்தது. ஆதலால், 1939 செப்டம்பர் 1ஆம் நாள் யுத்தத்தை முன்னிட்டுச் சேவை நிறுத்தப்படும் வரையில், அம்மாளிகையில் பாடியும் ஆடியும் வித்தை காட்டியும் நின்றவர்களின் உழைப்பு, காற்றில் கலந்த அக்கணமே கரைந்துபோயிற்று. மியூசிக் ஹால் அரங்குகளில் பத்து நிமிஷ ஆட்டம் ஒன்றைப் பட்டை தீட்டி, ஊர் ஊராக எடுத்துச் சென்று, ஆண்டுக்கணக்கில் அதைக்கொண்டே ஜீவனம் நடத்திய பரம்பரையில் வந்தவர்களுக்கு, ஒரே மாலையில் நேயர் அனைவருக்கும் அதைக் காட்டித் தீர்த்துவிடும் இச்சாதனம் எத்துணை விசித்திரமாக இருந்திருக்கும்! செல்வம் வருவதையும் போவதையும் கூத்தரங்கில் கூட்டம் சேர்வதற்கும் கலைவதற்கும் ஒப்பிட்டார் வள்ளுவர். இவர்களுக்கோ, பெரும்பாலும் கலைந்து செல்லும் கூட்டம்கூட எதிரே இல்லை. சுடுகின்ற விளக்குகளும் இமையாத காமிராக்களுமே இருந்தன.

பதிவும் இன்றி, கண்டவர்களும் ஏறத்தாழ எல்லோரும் மறைந்துவிட்ட பிறகு, அந்த ஆட்டத்திற்கு என்ன மதிப்பு எஞ்சுகிறது? கண்டோர் நினைவில் அது வாழ்ந்தது என்பது விடையாகாது. நினைவும் உடலோடு அழிவது. பயன் கருதாது செய்த கர்மம் என்று போற்றுவதும் பொருந்தாது. ஊதியத்தையும் புகழையும் நாடியே அவர்கள் ஆடினர், அதில் இழுக்கும் இல்லை.

நியாய சாஸ்திரம் இங்கே நமக்கு ஓர் ஒளியைத் தருகிறது. ஒரு பொருள் தோன்றுவதற்குமுன் உள்ள அதன் இன்மையைப் பிராகபாவம் என்றும், அது அழிந்தபின் உள்ள இன்மையைப் பிரத்வம்ஸாபாவம் என்றும் தார்க்கிகர் பிரித்தனர். முன்னதற்கு ஆதி இல்லை, அந்தம் உண்டு. பின்னதற்கு ஆதி உண்டு, அந்தம் இல்லை. இரண்டும் இன்மையே எனினும் ஒன்றல்ல. அநாதியாய் நிலவிய முதலாவது இன்மையை அந்த நடனக் கலைஞரின் முதல் அடி ஒரேயடியாக முடித்து வைத்தது. ஆட்டம் ஓய்ந்தபின் வந்த இன்மையோ, அந்த ஆட்டத்தின் பெயரைத் தாங்கிய இன்மை, அது நிகழாதிருந்தால் உண்டாகவே இயலாத இன்மை. காலம் நிகழ்ந்ததை அழிக்கும்; நிகழ்ந்தது என்னும் உண்மையை அழிக்க அதற்கு வல்லமை இல்லை.

பதிவு என்பது பின்வந்த நமக்குக் கிடைக்கும் அநுகூலமேயன்றி, செயலுக்கு உயிர் தருவதன்று என்று நான் துணிகிறேன். இத்துணிபு ஆறுதல் தருவது போலவே எச்சரிக்கையும் செய்கிறது. ஏனெனில், எவரும் காணாமல் செய்த நன்மை வீணாகாதது எவ்வாறோ, எவரும் அறியாமல் சொன்ன வன்சொல்லும் அவ்வாறே நிகழாததாகிவிடாது. ஆகவே, நம் செயல் எத்தனை காலம் நிற்கும் என்னும் கவலையை விடுத்து, நிகழ்ந்தபின் மாற்றவொண்ணாத அது நிகழத் தக்கதுதானா என்று செய்யும்போதே ஆராய்வதே அறிவுடையோர் கடன்.