இல்லறத்தில் மூன்றாமவர்

கணவன் மனைவியிடையே எழும் பூசலை அவ்விருவருமே தீர்த்துக்கொள்ள வேண்டும். வெளியார் தலையிடுவது இல்லறத்திற்கு இழுக்கு என்பது நம் நாட்டில் வேரூன்றிய எண்ணம். இதில் ஒரு மேன்மையும் உண்டு. துணையின் குறையை ஊரறியச் செய்யாத கண்ணியம் அது. ஆயினும் கண்ணியம் எங்கே முடிகிறது, அகந்தை எங்கே தொடங்குகிறது என்பதை ஆராய வேண்டியுள்ளது.

பொறுமையும் மௌனமும்

பொறுமை உயர்ந்த அறம். ஆனால் வாய்மூடி இருப்பதெல்லாம் பொறுமையாகாது. பொறுப்பவரின் உள்ளத்தில் கசப்பு தங்குவதில்லை. அடக்குபவரின் உள்ளத்திலோ அது நாள்தோறும் வட்டியோடு வளர்கிறது. பள்ளிக் கட்டணத்தையும் பால் கணக்கையும் தவிர வேறு பேச்சின்றி ஒரே கூரையின்கீழ் ஆண்டுகளைக் கழிக்கும் தம்பதியர் உண்டு. அவர்களிடையே சண்டை இல்லை, சமாதானமும் இல்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜான் காட்மன், தம்பதியர் உரையாடும் விதத்தைப் பல ஆண்டுகள் நுணுகி ஆராய்ந்தவர். மணவாழ்வைக் குலைப்பவை என நான்கை அவர் சுட்டுகிறார்: செயலை விடுத்துக் குணத்தையே பழித்தல், இகழ்தல், தன் பங்கை ஏற்காது தற்காத்துக்கொள்ளல், பேச மறுத்துச் சுவர்போல் இருந்துவிடல். இவற்றுள் இகழ்ச்சியே மிகக் கொடியது என்பது அவரது முடிவு. பொறுமை என்று நாம் போற்றும் மௌனம் பல வேளைகளில் இந்நான்கனுள் இறுதியானதாக இருக்கக்கூடும்.

தம்பதியரின் கருத்து வேறுபாடுகளில் ஏறத்தாழ 69 சதவீதம் என்றும் தீராதவை எனவும் அவர் கண்டார். இணக்கமாக வாழ்வோருக்கும் அவை உண்டு. அவற்றோடு அன்பு குன்றாமல் வாழ அவர்கள் கற்றிருக்கிறார்கள். அக்கல்வியைப் பிறரிடம் பெறுவதில் இழிவு ஏது?

ஆலோசகர் செய்வது என்ன?

முன்பு குடும்பப் பெரியவர் ஒருவர் இருவரையும் அமர்த்திப் பேசுவார். மும்பையிலும் பெங்களூரிலும் தனித்து வாழும் இளம் தம்பதியர் பலருக்கு இன்று அத்துணை அருகில் இல்லை. மேலும், உறவினர் பெரும்பாலும் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர். பயிற்சி பெற்ற ஆலோசகர் எப்பக்கமும் சாராதவர். குற்றவாளி யார் என்று தீர்ப்பளிப்பதும் அவர் வேலையன்று.

அவர் தரும் பயிற்சி பார்வைக்கு எளியது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும், கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும், "நீ சொன்னது இதுதானே?" என்று உறுதிசெய்த பின்னரே மறுமொழி கூற வேண்டும். செய்து பார்ப்பவருக்கே இது எத்தகைய தவம் என்பது விளங்கும். 'நான் சொல்வதே சரி' என்னும் பற்றைச் சற்று நேரமேனும் இறக்கி வைத்தாலன்றி இது கைகூடாது.

1980-களில் கனடாவில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் உருவாக்கிய சிகிச்சைமுறை, கோபத்தின் அடியில் உறையும் உணர்வைத் தேடுகிறது. "எப்போதும் அலுவலகம்தானா?" என்று மனைவி கடிந்துகொள்கிறாள். அதனடியில், 'நான் இவருக்கு வேண்டியவள்தானா?' என்ற அச்சம் இருக்கலாம். கணவனின் மௌனத்தினடியில், 'எது செய்தாலும் குறைதானே' என்ற சோர்வு இருக்கலாம். அச்சமும் சோர்வும் வெளிப்படும்போது, எதிரியாகத் தோன்றியவர் துன்புறும் ஒருவராகத் தெரிகிறார். கருணை அங்கே பிறக்கிறது.

காலமும் எல்லையும்

நமது சட்டமும் இதன் தேவையை ஏற்றுள்ளது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், இணக்கம் காண முதலில் முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கி, ஆலோசகர்களுக்கும் இடமளித்துள்ளது. ஆனால் வழக்கு என்று வந்தபின் பெறும் ஆலோசனை, நோய் முற்றியபின் உண்ணும் மருந்து போன்றது. கசப்பு இறுகுமுன் நாடுவதே அறிவுடைமை.

இதற்கு எல்லையும் உண்டு. அடியும் அச்சுறுத்தலும் உள்ள வீட்டில், அஞ்சுபவர் மனம்திறந்து பேச இயலாது. அங்கே முதல் தேவை பாதுகாப்பு. அதற்கெனவே 2005-இல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. கொடுமையைச் சகித்துக்கொள்ளச் சொல்வது ஆலோசனையாகாது.

இந்துத் திருமணச் சடங்கில் ஏழாம் அடி மணமக்களை நண்பர்களாக்குகிறது. நண்பர் சொல்வதைச் செவிமடுப்பது நட்பின் முதற்கடமை. அச்செவி மந்தமாகும்போது, மீண்டும் கேட்கக் கற்பிக்கும் மூன்றாமவரை நாடுவது இல்லறத்திற்கு இழுக்காகாது. இல்லறத்தின்மீது கொண்ட மதிப்பின் அடையாளமே ஆகும்.